இறக்காமத்தின் பழைய லொறிகள்

கிழக்குக் கரையைச் சுற்றிப் பார்க்க வருகின்றவர்கள் வழக்கமாகக் கண்டு செல்பவை சில உண்டு. கல்முனையின் கடைத்தெருவைக் காண்பார்கள். மருதமுனையின் கைத்தறிச் சாரங்களைப் பேரம் பேசி வாங்குவார்கள். ஒலுவில் கடற்கரையில் மாலைக் காற்று வாங்குவார்கள். சம்மாந்துறைக்கு மேற்கே வானத்தைத் தொடுமளவும் விரிந்து கிடக்கும் நெல்வயலைக் கண்டு வியப்பார்கள். ஆயினும், அந்த வயலில் விளைந்த நெல்லை ஆலைக்கும், ஆலையில் குற்றிய அரிசியைத் தூர நகரங்களுக்கும், அந்நகரங்களிலிருந்து உரத்தையும் சீமெந்தையும் மீண்டும் ஊருக்கும் சுமந்து, வீதியோரத்து மர நிழலிலே இளைப்பாறி நிற்கின்ற பழைய லொறியை மட்டும் அவர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

அது பார்க்கத்தக்க பொருளே. அதனைச் செய்த தொழிற்சாலை மூடப்பட்டுப் பல்லாண்டுகள் ஆகியிருக்கும். அதனை வாங்கியவர் மண்ணுக்குள் உறங்குவார். அதன் உதிரிப் பாகங்கள் எந்தக் கடையிலும் புதிதாகக் கிடைப்பதில்லை. அவ்வாறிருந்தும் அதிகாலையில் ஒருவர் வந்து சாவியைத் திருப்பினால், இரண்டு முறை இருமிவிட்டு அது விழித்துக்கொள்கின்றது. அது விழிப்பதற்குப் பின்னால் இருக்கின்ற மனிதக் கைகளையும், அக்கைகளுக்குள் அடங்கிய அறிவையும் வாசகர்களுக்கு அறிமுகஞ் செய்வதற்காகவே நாம் இம்முறை இறக்காமத்துக்குப் பிரயாணமானோம்.

வழியும் ஊரும்

கல்முனையிலிருந்து தெற்கே புறப்படுவோர் சாய்ந்தமருதைக் கடந்து காரைதீவுச் சந்தியை அடைவார்கள். நேரே சென்றால் நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனக் கரையோர ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். சந்தியில் மேற்கே திரும்பினால் சம்மாந்துறை, அதற்கப்பால் வயல், வயலைக் கடந்தால் அம்பாறை. அம்பாறைக்கும் அக்கரைப்பற்றுக்கும் நடுவே, கடற்காற்று எட்டாத உள்நாட்டிலே அமைந்திருப்பது இறக்காமம். வரிப்பத்தான்சேனை, குடுவில், மாணிக்கமடு முதலிய கிராமங்கள் அதன் சுற்றத்தார். முஸ்லிம் மக்கள் பெருந்தொகையினராகவும், தமிழ் மக்களும் சிங்கள மக்களும் அயலவராகவும் வாழ்கின்ற பிரதேசம் இது.

ஊரின் உயிர்நாடி இறக்காமம் குளம். காலையில் தோணிகள் வலையோடு நீரில் இறங்குகின்றன. கரையிலே எருமைகள் மூக்கை மட்டும் வெளியே காட்டிக் கிடக்கின்றன. குளத்து நீரையும் வாய்க்கால் நீரையும் நம்பி வயல் வட்டைகள் விரிந்து கிடக்கின்றன. மாரிப் போகம் விளைந்து, களவெட்டியிலே சூடடிப்பு முடிந்து, நெல் மூட்டைகள் அடுக்கப்படும் காலத்தில் இவ்வூருக்கு வந்து பார்த்தல் வேண்டும். அப்பொழுதுதான் லொறி என்பது இங்கே எத்தகைய பொருள் என்பது விளங்கும்.

இதற்கு ஒரு பூகோளக் காரணமும் உண்டு. கொழும்பிலிருந்து கிழக்கே வரும் புகையிரதப் பாதை மட்டக்களப்போடு நின்றுவிட்டது. அதற்குத் தெற்கே தண்டவாளம் இல்லை. ஆகவே, கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இறக்காமத்துக்கும் வருகின்ற பொருள்களும், அவ்வூர்களிலிருந்து செல்கின்ற பொருள்களும் வீதியையே நம்ப வேண்டியிருக்கின்றன. லொறிகள் வருவதற்கு முன்னர் இந்த வேலையைச் செய்தவை மாடுகள். கரையோரத்து முஸ்லிம் வியாபாரிகள் உப்பையும் கருவாட்டையும் மாடுகளின் முதுகில் பொதியாக ஏற்றி, கூட்டங் கூட்டமாக மலைநாட்டை நோக்கிச் செல்வார்கள். அதற்குத் தவளம் என்று பெயர். திரும்பி வரும்போது பாக்கும் மலைநாட்டு விளைபொருள்களும் அப்பொதிகளில் இருக்கும். தவளத்தின் பின் மாட்டு வண்டி வந்தது. வண்டியின் பின் லொறி வந்தது. மாட்டின் குளம்பையும் கழுத்தையும் நாள்தோறும் தடவிப் பார்த்துப் பராமரித்த சமூகம், லொறியின் சில்லையும் அச்சையும் அதே கண்ணோடு பார்க்கத் தொடங்கியதில் வியப்பில்லை.

பட்டிப்பளையாற்றில் வந்திறங்கிய பேரியந்திரங்கள்

இப்பிரதேசத்துக்குப் பார யந்திரங்கள் பெருந்தொகையாக வந்த கதை கல்லோயாத் திட்டத்தோடு தொடர்புடையது. கல்லோயா என்பது தமிழ் மக்கள் பட்டிப்பளையாறு என்று அழைத்த அதே ஆறுதான். 1949 ஆம் ஆண்டு, சுதந்திர இலங்கையின் முதற் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் காலத்தில், அவ்வாற்றை இங்கினியாகலையிலே மறித்து அணை கட்டும் வேலை தொடங்கிற்று. அணையைக் கட்டும் பொறுப்பு மொரிசன்-நட்சன் என்ற அமெரிக்கக் கம்பனியிடம் ஒப்படைக்கப்பட்டது. அமெரிக்காவின் புகழ்பெற்ற ஹூவர் அணையைக் கட்டிய கூட்டு நிறுவனத்தில் அங்கம் வகித்த கம்பனி அது.

அதுவரை மண்வெட்டியும் கூடையும் கண்டிருந்த கண்கள், ஒரு வாயில் ஒரு வண்டி மண்ணை அள்ளும் யந்திரங்களையும், அம்மண்ணைச் சுமந்து இரவு பகலாக ஓடும் பார வண்டிகளையும் கண்டன. காடு வெட்டப்பட்டது, வீதிகள் போடப்பட்டன, ஆற்றின் குறுக்கே மண்மலை எழுந்தது. அதன் பின்னே தேங்கிய நீர்ப்பரப்பே இன்று சேனநாயக்க சமுத்திரம் என வழங்குகின்றது. அத்திட்டத்தின் வாய்க்கால்களும் குடியேற்றங்களும் இப்பிரதேசத்தின் முகத்தையே மாற்றிவிட்டன. காணி யாருக்கு எவ்வளவு சேர்ந்தது என்ற வினா அன்றே எழுந்தது, இன்னும் ஓய்ந்தபாடில்லை. அதனை ஆராயப் புகுந்தால் நமது கட்டுரை வேறு திசையிற் சென்றுவிடும்.

நாம் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. பெரும் யந்திரங்கள் ஒரு நாட்டுக்கு வரும்போது அவற்றோடு ஒரு கல்வியும் வருகின்றது. யந்திரத்தை ஓட்டுகின்றவன் வேண்டும். எண்ணெய் இடுகின்றவன் வேண்டும். உடைந்ததைக் கழற்றி மீண்டும் பூட்டுகின்றவன் வேண்டும். கல்லோயா அபிவிருத்திச் சபையின் காலத்தில் வித்திடப்பட்ட தொழிற்கல்வி அம்பாறையில் இன்று ஹார்டி உயர் தொழில்நுட்ப நிறுவனமாக நிலைத்திருக்கின்றது. ஏட்டுக் கல்வியாகப் பெற்றோர் சிலர். பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றோர் பலர். 1961 ஆம் ஆண்டு மட்டக்களப்பின் தென்பகுதி பிரிக்கப்பட்டு அம்பாறை தனி மாவட்டமாயிற்று. அதன் பின்னர் ஹிங்குரானைச் சீனித் தொழிற்சாலைக்குக் கரும்பு சுமக்கும் வேலையும் சேர்ந்துகொள்ள, லொறிகளுக்கு ஓய்வே இல்லாமற் போயிற்று.

குலமும் கோத்திரமும்

பழைய லொறிகளைப் பற்றிப் பேசும்போது, இப்பகுதி முதியோர் அவற்றின் குலத்தை முதலிலே சொல்வார்கள். முதலிடம் பெட்போர்டுக்கு. இங்கிலாந்தின் லூட்டன் நகரிலே 1931 ஆம் ஆண்டு பிறந்த பெயர் அது. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியப் படைகளுக்கென இரண்டரை இலட்சம் அளவிலான பெட்போர்ட் வாகனங்கள் செய்யப்பட்டன. போர் முடிந்த பின் அதே வடிவங்கள் வியாபார லொறிகளாக உலகெங்கும் பரவின. 1958 ஆம் ஆண்டு நீண்ட மூக்குடைய ‘ஜே’ வகை வெளிவந்தது. அதனை அடுத்து, 1960 ஐ ஒட்டி, மூக்கில்லாத ‘ரீ.கே.’ வகை வந்தது. ரீ.கே. வண்டியின் யந்திரம் சாரதியின் ஆசனத்துக்குப் பின்னால் அமைந்திருக்கும். பக்கத்துக் கதவைத் தூக்கிவிட்டு நின்றபடியே வேலை செய்யலாம். பழுது பார்ப்பவனின் முதுகுக்கு இரக்கம் காட்டிய அமைப்பு அது.

1986 ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் பெட்போர்ட் லொறித் தொழிலிலிருந்து விலகிற்று. தொழிற்சாலை கைமாறியது, சில ஆண்டுகளில் அப்பெயரும் லொறிகளிலிருந்து மறைந்தது. பிறந்த வீட்டில் மறைந்த பின்னும் புகுந்த வீடுகளில் பெட்போர்ட் மறையவில்லை. பாகிஸ்தானிலே மயிலும் மலரும் கவிதையும் தீட்டப்பட்டு, மணப்பெண்போல் அலங்கரிக்கப்பட்டு ஓடிய லொறிகள் பெரும்பாலும் பெட்போர்டுகளே. இந்தியாவில் உத்தரபாராவிலிருந்த ஹிந்துஸ்தான் மோட்டர்ஸ் நிறுவனமும் அவற்றைச் செய்தது.

அடுத்த குலம் டாட்டா. 1954 ஆம் ஆண்டு ஜேர்மனியின் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்தோடு பதினைந்து ஆண்டு உடன்படிக்கை செய்துகொண்டு, ஜம்ஷெட்பூரிலே லொறி செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. இலங்கையர் அறிந்து பெருமைப்படத்தக்க செய்தி ஒன்று உண்டு: டாட்டா தன் லொறியை வெளிநாட்டுக்கு முதன்முதலாக அனுப்பியது 1961 ஆம் ஆண்டில், அவ்வாறு அனுப்பிய நாடு இலங்கை. உடன்படிக்கை 1969 இல் முடிந்ததும் வண்டியின் முகத்திலிருந்த மூன்று முனை நட்சத்திரம் நீங்கி, டாட்டாவின் சொந்த எழுத்து இடம்பிடித்தது. ஆகவே, வண்டியின் நெற்றியைப் பார்த்தே அதன் வயதை மதிப்பிடுகின்ற பெரியவர்கள் உண்டு.

மூன்றாவது குலம் நமது மொழிக்கு அணுக்கமானது. சென்னையை அடுத்த எண்ணூரில் 1948 ஆம் ஆண்டு அசோக் மோட்டர்ஸ் என்று தொடங்கி, 1955 இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய நிறுவனத்தின் வண்டிகள் அவை. லேலண்ட் என்பது இங்கிலாந்தின் லங்காஷயரிலுள்ள ஒரு சிறிய ஊர். அங்கே 1896 ஆம் ஆண்டு நீராவி வண்டி செய்யத் தொடங்கிய கூட்டத்தார் ஊரின் பெயரையே தொழிலுக்கும் சூட்டினர்.

இம்மூன்று குலத்து வண்டிகளுக்கும் ஒரு பொது இயல்பு உண்டு. கடல் கடந்து வந்தவை அடிச்சட்டமும் யந்திரமுமே. உடலைக் கட்டியவர்கள் நமது தச்சர்கள். மரச்சட்டம், மரப்பலகை, இரும்புப் பட்டி, அவற்றின்மேல் வர்ணம் என ஒவ்வொரு வண்டியும் தனியாகக் கட்டப்பட்டது. ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளிற் பிறந்த இரு வண்டிகள், இரு ஊர்த் தச்சரின் கைபட்டு இரு வேறு முகத்தோடு நிற்பதை இன்றும் காணலாம்.

கராஜிலே ஒரு பகல்

இறக்காமத்தில் நாம் சென்ற கராஜ் நான்கு மரத்தூண்களும் தகரக் கூரையும் கொண்ட ஒரு கொட்டகையே. தரை எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தது. நடுவே ஒரு பழைய பெட்போர்ட் முன்சில்லுகள் கழற்றப்பட்டு, மரக்கட்டைகளின்மேல் அமர்ந்திருந்தது. அதன் சொந்தக்காரர் இப்போது வாடகைக்கு ஓடுவதில்லை. புதிய சிறு லொறி ஒன்று அவருடைய மகனிடம் இருக்கின்றது. இந்த வண்டியை அவர் வைத்திருப்பது வயலுக்கும் வீட்டுக்குமாகச் சில நாள் ஓட்டுவதற்கும், பல நாள் பார்த்துக்கொண்டிருப்பதற்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையின் பின் வீட்டில் உறங்காமல் கராஜுக்கு வந்துவிடுவாராம்.

“வித்துப் போடச் சொல்றாங்க. வித்தா நாளைக்கே வெட்டிப் போடுவாங்க. எங்கட வாப்பா இதிலதான் எங்கள வளர்த்தார்,” என்று சுருக்கமாகச் சொன்னார். அதற்குமேல் காரணம் கேட்க நமக்குத் தோன்றவில்லை.

வண்டியின் கீழே படுத்திருந்த முதியவரை எல்லோரும் காக்கா என்றே அழைத்தனர். அவர் வெளியே வந்து, கையைப் பஞ்சிலே துடைத்துக்கொண்டு, நமக்கு ஒரு பாடமே நடத்தினார். மாணவர்களுக்குப் பயன்படும் என்பதால் அதனை ஒழுங்குபடுத்தி இங்கே தருகின்றோம்.

முதற்பாடம் புகை. டீசல் யந்திரத்தில் தீப்பொறி கிடையாது. காற்றை மிகுந்த அழுத்தத்துக்கு உட்படுத்தும்போது பிறக்கும் வெப்பத்திலேயே எண்ணெய் தானாக எரிகின்றது. ஆகவே, எரிதல் செம்மையாக இருக்கின்றதா என்பதைப் புகையே அறிவிக்கும். கறுப்புப் புகை வந்தால் எண்ணெய் மிகுதி, அல்லது காற்றுக் குறைவு. நீலப் புகை வந்தால் மசகெண்ணெய் உள்ளே புகுந்து எரிகின்றது, வளையங்கள் தேய்ந்திருக்கலாம். சூடேறிய பின்னும் வெள்ளைப் புகை தொடர்ந்து, குளிர்நீரும் குறைந்துகொண்டே வந்தால், தலைப்பகுதியின் கஸ்கட் பழுதாகி நீர் உள்ளே கசிகின்றது என்று ஐயுறல் வேண்டும். வைத்தியன் நாடி பிடிப்பதுபோல அவர் புகையைப் பிடிக்கின்றார்.

இரண்டாம் பாடம் ஓசை. நீண்ட திருப்புளியின் நுனியை ஓடும் யந்திரத்தின்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக் கேட்கின்றார். எந்தத் தாங்கி முனகுகின்றது, எந்த வால்வு தட்டுகின்றது என்பது இரும்பின் வழியே காதுக்கு வருகின்றது. உதவிக்கு நின்ற பையனின் காதிலும் அதை வைத்து, “சத்தத்தக் கேளு மனே. எங்க நோகுதெண்டு அதுவே சொல்லும்,” என்றார். பையன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். “மூணாவது, காக்கா,” என்றான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. திருப்புளியை அவன் கையிலேயே விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போனார். அதுவே சான்றிதழ் போலும்.

மூன்றாம் பாடம் ஒழுங்கு. யந்திரத்தின் தலைப்பகுதியைப் பூட்டும்போது ஆணிகளை நினைத்தபடி முறுக்கலாகாது. நடுவிலிருந்து தொடங்கி, இரு பக்கமும் மாறி மாறி, பல சுற்றாகச் சிறிது சிறிதாக இறுக்குதல் வேண்டும். அவசரப்பட்டு ஒரு மூலையை முதலில் இறுக்கினால் தகடு வளைந்து மீண்டும் கசியும். எண்ணெய்க் குழாயில் காற்றுப் புகுந்துவிட்டால் வண்டி ஓடாது. வடியின் மேலுள்ள சிறு திருகைத் தளர்த்தி, கைப்பம்பினால் அடித்து, நுரை நின்று தெளிந்த எண்ணெய் வரும்வரை பொறுத்திருந்து பின்னர் மூடுதல் வேண்டும். “பொறுமை இல்லாதவன் ஸ்பேனரத் தொடப்படாது,” என்பது அவருடைய சட்டம்.

அடிச்சட்டத்தின் கீழே வேறொரு உலகம் இருக்கின்றது. பார வண்டியின் எடையை வில்தகடுகள் தாங்குகின்றன. பல்லாண்டு நெல் மூட்டை சுமந்த தகடுகள் தம் வளைவை இழந்து நேராகிவிடும். அவற்றைக் கழற்றிக் கொல்லன் பட்டறைக்குக் கொண்டு சென்று மீண்டும் வளைவு ஏற்றுகின்றார்கள். முன்சில்லு திரும்பும் அச்சாணியும் அதன் பித்தளை உறையும் தேய்ந்தால் வண்டி வீதியில் தள்ளாடும். இவற்றுக்கெல்லாம் மருந்து ஒன்றே: வேளை தவறாத கிரீஸ். புதிய உறை கிடைக்காவிட்டால் கடைசற் பட்டறையிலே அளவெடுத்துக் கடைந்து கொள்கின்றார்கள். தேய்ந்த உருளைகளைக் கடைந்து பெருப்பித்து, அளவிற் பெரிய பிஸ்டன் இடுவதும் அவ்வாறே.

ஓட்டுவதும் ஒரு கலையே. பழைய கியர்ப் பெட்டிகள் பலவற்றில், பற்சக்கரங்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும் அமைப்பு கிடையாது. கீழ்க் கியருக்கு மாறும்போது கிளச்சை மிதித்து, கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து, கிளச்சை விட்டு, யந்திரத்தைச் சற்று முடுக்கி, மறுபடியும் மிதித்துக் கியரைப் போடுதல் வேண்டும். தவறினால் பற்கள் நறநறவென்று கடிக்கும். ஊரே திரும்பிப் பார்க்கும்.

பஞ்சம் கற்பித்த கல்வி

இத்தகைய கைத்திறன் ஏன் இப்பிரதேசத்தில் இவ்வளவு ஊன்றிற்று என்று கேட்டால், காரணம் பெரும்பாலும் பஞ்சமே. 1970 முதல் 1977 வரை இலங்கையில் இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தன. புதிய வண்டியும் அரிது. உதிரிப் பாகமும் அரிது. ஓடாத இரண்டு வண்டிகளைக் கழற்றி ஓடுகின்ற ஒரு வண்டியை ஆக்கும் வித்தை அக்காலத்தில் முதிர்ந்தது. 1977 இன் பின் கதவு திறந்தது. ஆயினும் அடுத்த சில ஆண்டுகளில் உள்நாட்டுப் போர் வந்து கிழக்கின் வீதிகளை மூடியது. சோதனைச் சாவடிகளில் மூட்டைகளை இறக்கி, மீண்டும் ஏற்றி, இருட்டுமுன் ஊர் சேரவேண்டிய நிர்ப்பந்தத்தோடு ஓடிய வண்டிகள் நடுவழியில் நிற்கலாகாது. வண்டி நின்றால் சாரதியின் உயிருக்கும் உத்தரவாதமில்லை. அக்காலத்தில் பராமரிப்பு என்பது பொழுதுபோக்கன்று, அது காவல்.

வடக்கே மட்டக்களப்புக்குச் செல்லும் வண்டிகள் 1924 ஆம் ஆண்டு கட்டப்பட்ட கல்லடிப் பாலத்தின்மேல், ஒன்று கடக்க மற்றொன்று காத்திருக்கும் முறையிலே, நீண்டகாலம் சென்றுவந்தன. அருகே புதிய பாலம் திறக்கப்பட்டது 2013 இலேதான். போர் 2009 இல் முடிந்து வீதிகள் சீர்பெற்ற பின் புதிய வண்டிகள் வந்தன. மறுபடியும் 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் எரிபொருட் பஞ்சமும் அந்நியச் செலாவணி நெருக்கடியும் சேர்ந்து நாட்டையே நிறுத்தின. அந்த ஆண்டுகளிலே, ஓய்வு பெற்றிருந்த முதிய வண்டிகள் பல மீண்டும் அழைக்கப்பட்டன. ஓய்வு பெற்றிருந்த முதிய கைகளும் அழைக்கப்பட்டன.

அயல்நாட்டு விநோதமும் நம்மூர் அபிமானமும்

பழைய லொறிகளைப் பேணுதல் மேனாடுகளிலே மதிப்புப் பெற்ற ஒரு பொழுதுபோக்கு. இங்கிலாந்தில் இதற்கென 1958 ஆம் ஆண்டே ஒரு கழகம் தோன்றிற்று. 1962 முதல் அக்கழகத்தார் லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரைக்குப் பழைய லொறிகளையும் பஸ்களையும் ஊர்வலமாக ஓட்டிச் செல்லும் வழக்கத்தை ஏற்படுத்தினர். லேலண்ட் ஊரிலேயே 1983 இல் பார வண்டிகளுக்கென ஓர் அரும்பொருட்சாலை திறக்கப்பட்டது. அமெரிக்காவிலும் 1971 ஆம் ஆண்டு லொறிகளின் சரித்திரத்தைப் பேணுவதற்கென ஒரு சங்கம் அமைந்தது. அவர்கள் பழைய வண்டியை வாங்கி, விடுமுறை நாள்களிலே துருவைச் சுரண்டி, தொழிற்சாலையில் பூசிய அதே வர்ணத்தைத் தேடிப் பூசி, அதன் பிறப்புப் பத்திரம் முதலாகச் சேர்த்து வைக்கின்றார்கள்.

நம்மூரிலே அத்தகைய கழகமும் இல்லை, ஊர்வலமும் இல்லை. இங்கே வண்டி ஒருபோதும் முற்றாக ஓய்வு பெறுவதில்லை. தொழிற்சாலை வர்ணத்தைத் தேடுவாரும் இலர். யந்திரத்தையே மாற்றி வேறொரு யந்திரத்தைப் பூட்டிக்கொள்ளவும் தயங்குவதில்லை. தூய்மை விரும்பும் மேனாட்டு அன்பர் இதனைக் கண்டால் முகஞ் சுளிக்கக்கூடும். ஆயினும், வருமானம் இல்லாதபோதும் ஒருவர் தம் வெள்ளிக்கிழமைப் பிற்பகலை ஒரு பழைய யந்திரத்தின் அருகே செலவிடுகின்றார் என்றால், அதனை அபிமானம் என்றன்றி வேறு என்னவென்று சொல்வது? மேனாட்டில் ஓய்விலே பிறந்த விநோதம், இங்கே தேவையிலே பிறந்து அன்பாக முதிர்ந்திருக்கின்றது.

பழையது என்பதற்காக எல்லாவற்றையும் போற்ற வேண்டும் என்று நாம் கூற வரவில்லை. கறுப்புப் புகை கக்கும் வண்டி ஊராரின் நெஞ்சுக்குக் கேடு. பிறேக் தளர்ந்த வண்டி பாடசாலை வீதியிலே எமன். 2008 முதல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த புகைப் பரிசோதனை நியாயமானதே. அதிலே தேறாத வண்டி வீதிக்கு வரலாகாது. நன்றாகப் பராமரிக்கப்பட்ட முதிய வண்டி அதிலே தேறுவதும், பராமரிப்பற்ற இளைய வண்டி தவறுவதும் உண்டு. வயதைக் காட்டிலும் கவனிப்பே பெரிது என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

எது மறையப் போகின்றது?

2025 ஆம் ஆண்டு வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இனிப் புதிய லொறிகள் வரும், வரத்தான் வேண்டும். அவற்றின் யந்திரங்களை மின்னணு மூளைகள் ஆளுகின்றன. பழுதை அறியக் காது வேண்டியதில்லை. ஒரு கருவியைச் செருகினால் எண்ணாகத் திரையில் எழுதிக் காட்டும். அவ்வாறே பழைய வண்டிகள் ஒவ்வொன்றாக நிறுவைக்குப் போகும். இத்தனை கிலோ இரும்பு, இத்தனை ரூபாய் என்று கணக்கு முடிந்துவிடும். இரும்பு போவதைப் பற்றி நாம் பெரிதும் வருந்தவில்லை. அதனோடு போகின்ற அறிவுக்கு நிறுவை கிடையாது என்பதே நமது கவலை.

அவ்வறிவு எந்த ஏட்டிலும் இல்லை. புகையின் நிறத்திலும், திருப்புளியின் நுனியிலும், கிரீஸ் படிந்த விரல்களிலும் இருக்கின்றது. அதனை வைத்திருப்போர் முதியவர்கள். அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளும் பையன்கள் முன்போல் வருவதில்லை; வெளிநாட்டு வேலையும் வேறு உத்தியோகங்களும் அவர்களை அழைக்கின்றன. அதில் அவர்கள்மேல் குற்றமில்லை. எண்ணெய்க் கறை படிந்த கைக்கு நமது சமூகம் கொடுத்திருக்கும் மதிப்பு எத்தகையது என்பதை நாமே அறிவோம். மாப்பிள்ளை என்ன தொழில் என்று கேட்கும் வீடுகளில், கராஜ் என்ற சொல் இன்னும் தாழ்ந்த குரலிலேயே சொல்லப்படுகின்றது.

இப்பிரதேசத்து மாணவர்களுக்கு நாம் ஒரு யோசனை கூற விரும்புகின்றோம். சம்மாந்துறையிலே தொழில்நுட்பக் கல்லூரி இருக்கின்றது. ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியற் பீடம் இருக்கின்றது. அங்கே வெப்பத்தின் விதிகளையும் உலோகத்தின் இயல்பையும் கற்கின்றவர்கள், ஒரு விடுமுறையில் ஒரு கொப்பியோடு அயலூர்க் கராஜ்களுக்குச் செல்லட்டும். புகை ஏன் கறுத்தது, ஆணியை ஏன் நடுவிலிருந்து முறுக்குகின்றோம் என்பவற்றை முதியவர்களைக் கேட்டு எழுதட்டும். தாம் கற்ற விதி அந்தச் சொல்லுக்குள் எங்கே இருக்கின்றது என்று பொருத்திப் பார்க்கட்டும். வண்டி எந்த ஆண்டு எந்த ஊரிலே வாங்கப்பட்டது, உடலைக் கட்டிய தச்சர் எவ்வூரவர், எந்தெந்தப் பாதையில் ஓடிற்று என்பதையும் குறித்துக்கொள்ளட்டும். ஒரு படத்தையும் உடன் சேர்த்தால், அதுவே இப்பிரதேசத்தின் உழைப்பைப் பற்றிய சரித்திர ஏடாகிவிடும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை ஒரு பழைய யந்திரத்தைக் கழற்றிப் பார்க்க விரும்பினால், சட்டை அழுக்காகும் என்று தடுக்காதீர்கள். கழற்றியதை மீண்டும் பூட்டும்வரை எழுந்திருக்க விடாதீர்கள். அப்பயிற்சியில் பொறுமையும், ஒழுங்கும், பொருளை வீணாக்காத சிக்கனமும் ஒருங்கே வந்துவிடும்.

மாரி அறுவடைக் காலத்தில் அம்பாறை வீதியாலோ அக்கரைப்பற்று வீதியாலோ செல்லும் வாசகர்கள், எதிரே மரப்பலகை உடலும் நெல் மூட்டையுமாக ஒரு முதிய லொறி மெல்ல வருவதைக் கண்டால் பொறுமையிழந்து ஒலிப்பானை அழுத்தாதிருப்பார்களாக. வீதியின் ஓரத்துக்குச் சற்று ஒதுங்கி வழிவிடுங்கள். நமது சோற்றை இரண்டு தலைமுறையாகச் சுமந்த வண்டிக்கு அவ்வளவு மரியாதை தகும்.